தவளையின் இடது பின் கதவு

வலது தோள் காலையில் எனக்கு முன்னால் எழுந்துவிடும். நான் இன்னும் போர்வைக்குள் கிடப்பேன். அது பாட்டுக்கு விழித்துக்கொண்டு முனக ஆரம்பித்திருக்கும். முப்பத்தாறு வருஷம் சுத்தியல் பிடித்த தோள். மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூட்டு தேய்ந்துவிட்டது, எலும்பும் எலும்பும் உரசுகின்றன என்றார். அதற்குப் படம் எதற்கு? புஷ் தேய்ந்த வண்டி போடும் சத்தம் எனக்குத் தெரியாதா? வண்டியாக இருந்தால் கழற்றி எறிந்துவிட்டுப் புதுசு போடலாம். இதற்கு வெந்நீர்ப் பைதான்.

வெந்நீர்ப் பையைக் கொண்டுவந்து வைக்கும்போது என் மனைவி தினமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பாள்.

"சட்டை மாட்டிக்க இந்தக் கை தூக்க வரமாட்டேங்குது. பொம்மைக் காருன்னா மட்டும் எப்படி வருது?"

"பொம்மைன்னு சொல்லாத."

"சரி, பெரிய காரு. ஷெட்டுல இடம் பத்தாம அலமாரியில நிறுத்தி வச்சிருக்கீங்க. போதுமா?"

நான் டிங்கர். மோதி நசுங்கி வரும் வண்டிகளின் தகட்டைத் தட்டி, பழைய வடிவத்துக்குக் கொண்டுவருவது என் வேலை. ஒரு கையால் உள்பக்கம் இரும்புக் கட்டையை முட்டுக்கொடுத்து, மறு கையால் வெளியே தட்ட வேண்டும். பலமாகத் தட்டினால் தகடு நீண்டுவிடும். நீண்ட தகடு அப்புறம் என்ன கெஞ்சினாலும் தன் இடத்துக்குத் திரும்பாது. நான் முடித்த வண்டி பக்கத்துக் கொட்டகைக்குப் போகும். அங்கே பெயிண்டர் இருப்பான். பட்டி போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, வண்ணம் அடித்து, அடிபட்ட தடமே தெரியாமல் அனுப்பிவைப்பான். இருபத்தெட்டு வருஷம் இப்படித்தான் ஓடியது. நான் விட்ட குறைகளையெல்லாம் அவன் பட்டி மூடியது. அதை ஒரு நாளாவது சொல்லிக்காட்டாமல் அவன் வீட்டுக்குப் போனதில்லை.

பட்டறையை இடித்து அடுக்குமாடி கட்டி ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் ஆறு மாதம் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது சுத்தியல் தூக்குவதைவிட வலித்தது. ஒரு நாள் காலியான எண்ணெய் டின்னைக் கிழித்து விரித்தேன். தகரக் கத்திரியால் வெட்டி, மடித்து, மூலைகளை ஈயத்தால் பற்றவைத்தேன். சாயங்காலம் பார்த்தால் எங்கள் பட்டறைக்கு வந்துபோன ரொட்டிக்காரரின் வேன் நின்றது. ஒரு சாண் நீளம். பின்கதவில் ஒன்று எப்போதும் சரியாகச் சாத்தாது, கயிறு போட்டுக் கட்டியிருப்பார். நானும் ஒரு நூலைக் கட்டிவிட்டேன்.

கடையில் பெட்டிக்குள் வைத்து விற்கிற சின்னக் கார்கள் எல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைகள். சிவப்பாக, தாழ்வாக, தரையோடு தரையாக. அந்த மாதிரி வண்டி எங்கள் பட்டறை வாசலை மிதித்ததே இல்லை. எங்களிடம் வந்தது வாத்தியார் வண்டி, பால் வண்டி, மூன்று பிள்ளைகளும் ஒரு நாயும் ஏறிய குடும்ப வண்டி. அவற்றை யாரும் சின்னதாகச் செய்து விற்பதில்லை. அவற்றை நினைவு வைத்திருப்பவர்களிடம் அதை வாங்கக் காசு இருக்காது என்று நினைத்திருப்பார்கள்.

ஊரில் சின்ன வண்டி சேர்க்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். பெட்டியைக்கூடப் பிரிக்காமல் அடுக்கி வைத்திருப்பார்கள். அவர்களில் ஒருவர், ஓய்வுபெற்ற கணக்கர், எப்படியோ கேள்விப்பட்டு என் அலமாரியைப் பார்க்க வந்தார்.

"இது எந்த வருஷத்து மாடல்?"

"அது மருத்துவச்சி வண்டிங்க."

"இல்ல, கம்பெனி எது?"

"கம்பெனிய விடுங்க. பின்சீட்டுல எந்நேரமும் ஒரு வாளி இருக்கும். அதையும் செஞ்சிருக்கேன், குனிஞ்சு பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். வாளி இருந்தது. அதற்கப்புறம் அவர் வரவில்லை.

நாங்கள் எந்த வண்டியையும் கம்பெனிப் பெயரால் அழைத்ததில்லை. பட்டறைக்கென்று பெயர்கள் இருந்தன. முதுகு வளைந்தது முட்டை. முன்பக்கம் நீண்டது மூக்கன். நான்கு கதவும், பிதுங்கிய இரண்டு விளக்கும், அகலமான வாயுமாக ஒன்று வரும், அது தவளை. மூக்கனை வைத்திருப்பவர்கள் கொஞ்சம் மிடுக்காக இருப்பார்கள். தவளையை வைத்திருப்பவர்கள் குழந்தை குட்டிக்காரர்கள்.

என் அலமாரியில் நாற்பத்தொரு வண்டி சேர்ந்துவிட்டது. தவளை மட்டும் இல்லை.

காரணம் எனக்குத் தெரியும். தவளை என்றால் பெயிண்டரின் தவளைதான். துருப்பிடித்துக் கூரையில் செடி முளைத்துக் கிடந்ததைப் பழைய இரும்புக் கடையிலிருந்து கயிறு கட்டி இழுத்துவந்தோம். ஒரு வருஷம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், இரண்டு பேரும் சேர்ந்து அதைத் தேற்றினோம். அடித்தகடு முழுவதும் நான் புதுசாக வெட்டிப் போட்டேன். பெயிண்ட் வாங்க அவனிடம் வழியில்லை. மற்ற வண்டிகளுக்கு அடித்து டப்பாக்களின் அடியில் மீந்ததையெல்லாம் ஒன்றாக ஊற்றிக் கலக்கினான். பச்சையும் இல்லை, சாம்பலும் இல்லை. மழை வருவதற்கு முன்னால் குளத்துத் தண்ணீர் காட்டுமே, அந்த நிறம் வந்தது. "இந்தக் கலரு உலகத்துல ஒரே ஒரு வண்டிக்குத்தாண்டா" என்றான். பெருமைக்குச் சொல்லவில்லை. மறுபடி கலக்கச் சொன்னால் அவனாலேயே முடியாது.

இரண்டு வருஷம் கழித்து என் மகள் பிறந்தாள். மருத்துவமனையிலிருந்து தாயையும் பிள்ளையையும் கூட்டிவர அவன் தவளையை இரவல் கொடுத்தான். கைக்குழந்தை வண்டிக்குள் இருக்கிற பதற்றத்தில் நான் பின்னால் எடுத்தபோது, வாசல் தூணில் வைத்து இடித்தேன். இடது பின் கதவின் நட்டநடுவில் ஒரு டொக்கு. உள்ளங்கை வைத்தால் அமுங்கும் ஆழம்.

பெயிண்டர் சுற்றிவந்து பார்த்தான். அவன் அடித்த நிறம் அங்கே கீறிக்கூடப் போகவில்லை. தகடுதான் உள்வாங்கியிருந்தது.

"பொண்ணு வந்த வேளையா? சரி. ஞாயித்துக்கிழமை எடுத்துடு."

"ஞாயித்துக்கிழமை எடுத்துடறேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்குக் காய்ச்சல். அடுத்த வாரம் பள்ளிப் பேருந்து ஒன்று அவசரமாக வந்தது. அதற்கடுத்த வாரம் எனக்கே காய்ச்சல். எங்கள் தொழிலில் அப்படித்தான்: காசு கொடுக்கிறவன் வண்டி முன்னால் நிற்கும், சொந்தக்காரன் வண்டி பின்னால் நிற்கும். தச்சன் வீட்டு நாற்காலி ஆடுவதை யார் பார்க்கவில்லை? சனிக்கிழமை சாயங்காலம் கை கழுவும்போது பெயிண்டர் எல்லாருக்கும் கேட்கும்படி, "நாளைக்கு ஞாயித்துக்கிழமை" என்பான். அவ்வளவுதான் சொல்வான். பட்டறையே சிரிக்கும். நானும் சிரிப்பேன். இப்படிப் பதினோரு வருஷம். டொக்கோடு பிறந்த என் மகள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். தவளையின் எஞ்சின் ஒரு நாள் உட்கார்ந்துவிட்டது. அவன் அதைப் பழைய இரும்புக் கடைக்கே திருப்பிக் கொடுத்தான். டொக்கோடுதான் போனது. கதவை எடுத்துக் கொடுக்காதவன் நான். வேறு எந்த வண்டிக்கும் நான் அந்தத் துரோகத்தைச் செய்ததில்லை.

தவளையைச் செய்ய நினைக்கும்போதெல்லாம் அந்தக் கதவு வந்து முன்னால் நின்றது. டொக்கோடு செய்தால் என் குற்றத்தை நானே சிலை வடிப்பது போல. டொக்கில்லாமல் செய்தால் பொய். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போடுவதில் எனக்குப் பழக்கம் உண்டு.

இதற்கு நடுவில் பெயிண்டருக்குச் சர்க்கரையில் கண் போனது. கொஞ்சம் கொஞ்சமாகப் போய், இரண்டு வருஷத்துக்கு முன்னால் முழுசாகப் போய்விட்டது. நான் ஒரு தடவை போனேன். ஆயிரம் வண்டியின் நிறத்தை ஒரு டப்பாவின் மூடியைப் பார்த்தே பிரித்துச் சொன்னவன், "யாரு வந்திருக்கிறது?" என்று கதவுப் பக்கம் பார்த்துக் கேட்டான். நான் நின்ற இடம் கதவுப் பக்கம் இல்லை. ஏதோ பேசினேன், தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அதற்கப்புறம் போகவில்லை. ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்தான். ஆனாலும் போகவில்லை.

மழைக்காலத்தில் அவன் மகள் தொலைபேசியில் அழைத்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், சுருக்கமாகப் பேசுகிறவள்.

"பெரியப்பா, நீங்க பழைய வண்டியெல்லாம் சின்னதா செய்றீங்கன்னு அப்பாகிட்ட சொன்னேன். எத்தனை வண்டின்னு கேட்டாரு. நாப்பதுக்கு மேலன்னேன். தவளை இருக்கான்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"தெரியலன்னேன். இருக்காதுன்னு அவரே சொல்லிட்டாரு. சொல்லிட்டுச் சிரிச்சாரு. ரொம்ப நாளாச்சு பெரியப்பா, அவரு சிரிச்சு."

தொலைபேசியை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் மனைவி துணி மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"கண்ணு போனது அவருக்கு. உங்களுக்கு ஏன் கால் போச்சு?"

"வெறுங்கையோட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?"

"அப்போ கையில ஏதாச்சும் எடுத்துட்டுப் போங்க" என்றாள். மடித்த துணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றே முடிவு செய்தேன். தவளையைச் செய்வேன். அதன் இடது பின் கதவை, ஒரு புள்ளிகூடப் பட்டி வைக்காமல், சுத்தத் தகடாக, கண்ணாடி மாதிரி நேராக எடுத்துக் கொடுப்பேன். அவனுக்குக் கொடுக்க வேண்டிய வேலை அது. பெரிய வண்டியில் தராததைச் சின்ன வண்டியில் தந்துவிட்டால் கணக்கு முடிந்தது. நிமிர்ந்து போகலாம், நிமிர்ந்து வரலாம்.

ஏழு வாரம் ஆனது. தோள் ஒத்துழைத்தால் காலையில் இரண்டு மணி நேரம். இல்லாவிட்டால் அதுவும் இல்லை. அளவெடுக்க வண்டி எங்கேயும் இல்லை, அதனால் என் உடம்பையே அளவுகோலாக வைத்தேன். தவளையின் பானெட்டில் சாய்ந்தால் எனக்கு இடுப்பு வரை வரும். கூரையில் கை வைத்தால் முழங்கை மடங்கும். அதையெல்லாம் இருபத்துநாலால் வகுத்தேன். சக்கரத்துக்குப் பழைய செருப்பின் அடிப்பாகம். விளக்குக்குச் சட்டைப் பொத்தான். கண்ணாடிக்குப் புதுச் சட்டை வாங்கினால் கழுத்துப்பட்டிக்குள் வைத்துத் தருகிறார்களே, அந்தப் பிளாஸ்டிக்.

நிறம்தான் பாடாய்ப் படுத்தியது. ஆனால் என்னிடம் ஒரு பொருள் இருந்தது. பெயிண்ட் பீய்ச்சும் கன்னில் கலவையை ஊற்றியதும் பெயிண்டர் முதல் வீச்சை வண்டியில் அடிக்க மாட்டான். கொட்டகைத் தூணில் அடித்துப் பார்ப்பான். எல்லா நாளும், எல்லா வண்டிக்கும், அதே தூண். இருபத்தெட்டு வருஷத்தில் அந்தத் தூணின் மேல் மூன்று விரல் கனத்துக்குப் பெயிண்ட் ஏறியிருந்தது. பட்டறையை இடிக்கும்போது உளியால் ஒரு துண்டைத் தட்டி எடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். ஏன் எடுத்தேன் என்று அன்றைக்குத் தெரியாது.

அந்தத் துண்டைச் சாய்வாக வைத்து உப்புத்தாளில் தேய்த்தேன். குறுக்கே வெட்டிய வெங்காயம் போல அடுக்கடுக்காக நிறங்கள் வந்தன. மேலே கடைசி வருஷத்துச் சாம்பல்கள். அந்த வருஷம் எல்லாரும் சாம்பல்தான் கேட்டார்கள். அதற்குக் கீழே ஆம்புலன்ஸ் வெள்ளை, வாத்தியாரின் நீலம், கல்யாணத்துக்கென்று ஒருத்தன் ஆசையாக அடித்துவிட்டு மாமனார் திட்டியதால் மாற்றிய ரோஜா நிறம். ஒவ்வொரு கோட்டிலும் ஒரு வண்டி, ஒரு ஆள், ஒரு சண்டை. தேய்க்க வேண்டியதை மறந்து அப்படியே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். தேநீர் ஆறிப்போனது என்று மனைவி இரண்டு தடவை வந்து சொன்னாள்.

தவளையின் நிறம் எங்கே இருக்கும் என்று யோசித்தேன். அதற்கு முன் வாரம் பால் வண்டி வந்தது. தவளைக்கு அடித்த மறுநாள், திங்கட்கிழமை, பள்ளிப் பேருந்து. வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் தேடு. தேடினேன். தலைமுடி கனத்தில் ஒரு கோடு. குளத்துத் தண்ணீர். கலந்து கலந்து பார்த்து, பதினாலாவது தடவைதான் அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் வந்தது.

கதவை மட்டும் மூன்று தடவை செய்தேன். இரண்டைத் தூக்கி எறிந்தேன். மூன்றாவதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஒரு நெளிவு இல்லை. முப்பத்தாறு வருஷத்தில் நான் எடுத்த கதவுகளிலேயே அதுதான் நல்ல கதவு.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், செருப்புப் பெட்டிக்குள் பழைய துணி வைத்து, அதற்குள் தவளையை வைத்து மடியில் சுமந்துகொண்டு போனேன். அவன் மகள் கதவைத் திறந்து, "வாங்க பெரியப்பா" என்று என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். அவளுக்கு அரை நாள் வேலை முடிந்திருந்தது. பெயிண்டர் ஜன்னல் ஓரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மெலிந்திருந்தான். சட்டைக் காலர் இரண்டு அளவு பெரிதாகத் தெரிந்தது.

"யாருன்னு சொல்லாத" என்று மகளிடம் சொன்னான். "வலது காலை இழுத்து வைக்கிறான். மூச்சு வாங்குறான். டிங்கர்தானே?"

"நான்தாண்டா."

"வழி தெரிஞ்சுதா?"

செருப்புப் பெட்டியை மேசையில் வைத்தேன்.

"பதினஞ்சு மாசம்" என்றான். "டொக்கு எடுக்கக் கூப்பிட்டா வராத ஆளு, சும்மா கூப்பிட்டா வரவா போறான்னு விட்டுட்டேன்."

பெட்டியைத் திறந்து, தவளையை அவன் இரண்டு உள்ளங்கையிலும் வைத்தேன். அவன் மகள் தேநீர்க் கோப்பைகளோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அவன் விரல்கள் முதலில் முன்பக்கம் போயின. பொத்தான் விளக்குகளைத் தொட்டன. "தவளை" என்றான். குரலை உயர்த்தாமல், கூட்டத்தில் ஒருவரை அடையாளம் கண்டுகொண்டது மாதிரி. விரல் பானெட்டில் ஏறியது, கூரையில் ஊர்ந்தது, நின்றது.

"மேல சொரசொரன்னு இருக்கு. தூசியில அடிச்சியா?"

"அடுப்படியில அடிச்சேன்."

"டிங்கர் பெயிண்ட் அடிச்சா இப்படித்தான் இருக்கும். கலர் எப்படிப் புடிச்ச?"

"தூணைச் சுரண்டிப் பாத்தேன்."

அவன் தலையைத் தூக்கினான். "பால் வண்டிக்கு மேல."

"ஸ்கூல் பஸ்ஸுக்குக் கீழ."

"ஸ்கூல் பஸ்ஸுக்குக் கீழ" என்று அவனும் சொன்னான். கண் இருந்த காலத்தில் ஒரு நிறம் சரியாக வந்துவிட்டால் உதட்டை மடிப்பானே, அதே மாதிரி மடித்தான். எனக்குத் தோள் வலி போன இடம் தெரியவில்லை. நாற்பத்தொரு வண்டியை எத்தனையோ பேர் பார்த்து நன்றாக இருக்கிறது என்றிருக்கிறார்கள். இவன் ஒருத்தன் சொன்னால்தான் அது கணக்கு.

விரல் இடது பக்கம் இறங்கியது. முன்கதவு. அப்புறம் பின்கதவு. கட்டைவிரல் கதவின் நடுவில் வந்து நின்றது. மேலே போனது, கீழே போனது, திரும்ப நடுவுக்கு வந்தது.

"டொக்கு எங்கடா?"

இதற்காகத்தான் ஏழு வாரம் காத்திருந்தேன். "எடுத்துட்டேன்" என்றேன். "பட்டியே கிடையாது. சுத்தத் தகடு. நல்லாத் தடவிப் பாரு."

அவன் தடவவில்லை. விரலை ஜன்னல் கண்ணாடியின் மேல் விளிம்புக்குக் கொண்டுபோனான்.

"கண்ணாடியையும் ஏத்தி வச்சிருக்க."

"ஆமா."

"இது என் வண்டி இல்ல."

வண்டியை என் பக்கம் நீட்டினான். நான் வாங்கவில்லை. எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. மகள் கோப்பைகளை மேசையில் வைத்தாள்.

"என்னடா சொல்ற? பதினோரு வருஷம் நீதானே..."

"நீ இடிச்சப்போ உள்ள என்ன ஆச்சுன்னு என்னைக்காவது பாத்தியா? கண்ணாடி ஏறுற காடி வளைஞ்சுபோச்சு. அன்னையிலேருந்து அந்தக் கண்ணாடி முழுசா மேல ஏறாது. நாலு விரல் எடம் எப்பவும் திறந்தே இருக்கும்."

"சொல்லவே இல்லையேடா."

"அவளுக்கு வண்டியில ஏறினாலே வாந்தி வரும்." அவன் மனைவியைச் சொன்னான். அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. "காத்து வேணும்னு கண்ணாடியை எறக்குவா. நான், தூசி வருது, சீட்டு பாழாகுது, ஏத்துன்னு கத்துவேன். எனக்குத்தான் பெயிண்டர் புத்தி, தூசின்னா ஆகாதே. அவளும் ஏத்திட்டு, மூக்கைப் பொத்திக்கிட்டு உக்காந்திருப்பா. இவ முன்சீட்டு குடுக்கலன்னா ஊரைக் கூட்டிடுவா. அதனால அவளுக்கு எப்பவும் அந்தப் பின்கதவுதான்."

"நான் சின்னப் புள்ளப்பா" என்றாள் மகள்.

"உன்னைச் சொல்லல. டொக்கு விழுந்தப்புறம் ஏத்துன்னு சொல்ல முடியல. ஏத்தினாலும் ஏறாதே. பதினோரு வருஷம் அந்த நாலு விரல்கிட்ட நெத்தியை வச்சுக்கிட்டு வந்தா. வாந்தி நின்னுபோச்சு. தூங்கக்கூட செய்வா. நான் ஓட்டிக்கிட்டே பின்னாடி பாக்குற கண்ணாடியில பாப்பேன், முடி மட்டும் பறந்துட்டிருக்கும்."

அந்த இருக்கையில் அவள் உட்கார்ந்திருப்பதை நானும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். என் கண் எப்போதும் டொக்கில்தான் இருந்தது.

"அப்போ ஏண்டா சனிக்கிழமை சனிக்கிழமை கேட்டே?"

"கேட்டாத்தானே நீ செய்யமாட்ட."

சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது, மகளுக்கும் வந்தது. அவன் சிரிக்கவில்லை, வண்டி இன்னும் நீட்டிய கையிலேயே இருந்தது.

"குடு இங்க" என்றேன். "சுத்தியல் இல்லாட்டிப் பரவாயில்ல, ஒரு கரண்டி குடும்மா. ஒரு தட்டுத் தட்டி டொக்கு போட்டுடறேன்."

அவன் சட்டென்று வண்டியைத் தன் மார்போடு இழுத்துக்கொண்டான்.

"நீ கைய வைக்காத. நீ தட்டினா அது டொக்கு ஆகாது, வேலை ஆயிடும். அளவா, அழகா போட்டுத் தருவ. எனக்கு வேண்டாம்."

கட்டைவிரலைக் கதவின் நடுவில் வைத்தான். எங்கே என்று தேடவில்லை. அழுத்தினான். எண்ணெய் டின் தகடு, பாவம், எவ்வளவு தாங்கும்? டொக் என்று ஒரு சத்தம். நான் மூன்று தடவை செய்த கதவு உள்வாங்கியது. என் பல் கூசியது. உள்ளே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் கண்ணாடி பசை விட்டு, கோணலாகக் கீழே இறங்கி நின்றது. மேலே ஒரு நூல் அளவுக்கு இடைவெளி.

அந்த இடைவெளியில் அவன் சுண்டுவிரல் நகத்தை நுழைத்துப் பார்த்தான். நுழைந்தது.

"ம்" என்றான். வண்டியை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையை அதன் கூரைமேல் போட்டுக்கொண்டான். தவளை நின்றால் கூரைமேல் கை போட்டுக்கொண்டுதான் பேசுவான்.

அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் பேசினோம். ரோஜா நிற வண்டிக்காரனின் மாமனார், வாளி வைத்த மருத்துவச்சி, கயிறு கட்டிய ரொட்டி வேன். அவன் ஒன்றைச் சொன்னால் நான் ஒன்றைச் சொன்னேன். தேநீரை இந்தத் தடவை முழுசாகக் குடித்தேன். கடைசிப் பேருந்துக்கு முந்தைய பேருந்தைப் பிடிக்க எழுந்து, சட்டையைச் சரிசெய்து, காலை இழுத்து இழுத்து வாசல்வரை வந்துவிட்டேன்.

"டேய் டிங்கர்."

திரும்பினேன். அவன் சரியாக நான் நின்ற இடத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை."

"எடுத்துடறேன்" என்றேன்.

பேருந்தில் வலது தோள் தன் பாட்டை ஆரம்பித்துவிட்டது. மடியில் காலிச் செருப்புப் பெட்டி. பழைய கணக்கை முடிக்கப் போனவன் நான். தவளையின் இடது பின் கதவில், நட்டநடுவில், கட்டைவிரல் ஆழத்துக்கு ஒரு டொக்கு இருக்கிறது. அதை எடுத்துத் தர வேண்டியது நான். பெயிண்டருக்கு அந்த ஒரு கதவு இன்னும் பாக்கி.